கிணற்று முறையில் ஓடிய கார்

என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து ஒரு கார் வாங்கினார்கள். ஆளுக்குப் பாதி. ஒரு வாரம் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும், மறுவாரம் திண்டிவனத்தில் தம்பி வீட்டு வாசலில் நிற்கும். இதைச் சொன்னால் இன்றைக்கும் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். மாட்டைப் பங்குக்கு வைத்துக்கொள்ளலாம், புளியமரத்தைப் பங்குக்கு வைத்துக்கொள்ளலாம், காரை எப்படி என்கிறார்கள். அந்த இரண்டு பேரோடும் பழகியவர்கள் மட்டும் கேட்க மாட்டார்கள்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். நான் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்தேன். தம்பிக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வருவதை உடைத்துப் பருப்பாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கண்டமங்கலத்திலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். மாமனார் போன பிறகு நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அண்ணன் நிலத்துக்குத் தண்ணீர், மறுவாரம் தம்பி நிலத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் முறை மாறும்.

பங்குக் கிணற்றுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மோட்டார் யாருடைய முறையில் கெட்டுப்போகிறதோ அவர்தான் செலவு செய்து சரிபண்ண வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடப்பது வேறு. மோட்டார் முனகினாலும், உள்ளே கம்பிச்சுருள் கருகுகிற வாடை வந்தாலும், முறைக்காரர் காதையும் மூக்கையும் மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எப்படியாவது தள்ளிவிடுவார். அதற்கப்புறம் அது அடுத்தவர் பாடு. பாகம் பிரித்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, "இது ஏமாத்து இல்லீங்களா?" என்று என் கணவரைக் கேட்டேன். அவர், "ரெண்டு பேருமே பண்றோமே, அப்புறம் எப்படி ஏமாத்து ஆவும்?" என்றார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் குறை சொல்ல மாட்டேன். முறை மாற்றுகிற சாக்கில் இரண்டு பேரும் கிணற்றடிக்கு வருவார்கள். மாற்றுவதற்கு ஒரு ஸ்விட்ச்சும் ஒரு மடையும்தான், ஐந்து நிமிட வேலை. அதற்கு அரை நாள் எடுத்துக்கொள்வார்கள். மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தம்பி கொண்டுவந்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே மழை, விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு, யார் யாரோடு சண்டை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் என் ஓரகத்தியும், அதாவது தம்பி மனைவி, சாப்பாட்டுக் கேரியரோடு போய்க் கூப்பிட்டால்தான் எழுந்து வருவார்கள்.

புதுச்சேரிச் சாலையை அகலமாக்கியபோது கிணறு சாலைக்குள் போய்விட்டது. மிச்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். கிணற்றுக்கென்று நஷ்டஈடு வந்தது, பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் நிலம் போனதற்கு அவ்வளவு கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் அவருக்கு இருப்புக்கொள்ளாது. காலையில் சட்டையைப் போட்டுக்கொள்வார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்பார், பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். "தம்பியப் பாக்கணும்னா திண்டிவனம் போய்ட்டு வாங்களேன்" என்பேன். "சும்மா போய் நின்னா என்னா விஷயம்னு கேப்பான்" என்பார்.

அதுதான் அந்த வீட்டு ஆண்களின் கோளாறு. சொந்தத் தம்பி வீட்டுக்குப் போக ஒரு விஷயம் வேண்டும். கல்யாணம், காரியம், பத்திரம், மோட்டார் ரிப்பேர், இப்படி ஏதாவது ஒன்று. சும்மா பார்க்கத் தோன்றியது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வராது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் நல்லது கெட்டதுக்கு மட்டும் பார்த்துக்கொள்கிற உறவாகிவிடும் என்று என் கணவர் பயந்தார். வெளியே சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குத் தெரியாதா?

அப்படி இருக்கும்போதுதான் தம்பியிடமிருந்து போன் வந்தது. புதுச்சேரியில் ஒரு டாக்டர் தன் பெரிய ஜெர்மன் காரை விற்றுவிட்டு மகளோடு வெளிநாட்டில் தங்கப் போகிறாராம். பத்துப் பதினைந்து வருடம் ஆன வண்டி, ஆனால் ஆண்டு அனுபவித்தவர் கை நல்ல கை. கிணற்றுப் பணம் அப்படியே இருக்கிறது, அண்ணனும் தானும் சேர்ந்து வாங்கினால் என்ன என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. அதே பணத்துக்குப் புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கலாம், கடைத்தெரு மெக்கானிக்கே சரிபார்ப்பான். இது சாமான் கிடைக்காத வண்டி. அதையெல்லாம் போனிலேயே சொன்னேன்.

"அண்ணி, ஒரு தபா வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா வேணாம்" என்றார் தம்பி.

போய்ப் பார்த்தேன். கருநீல வண்ணம். கதவைச் சாத்தினால் பெரிய இரும்புப் பெட்டியை மூடுவதுபோல மெத்தென்று ஒரு சத்தம். உள்ளே மரப்பலகை வேலை, தோல் சீட்டு. ஓட்டுகிறவருக்கு ஏற்றபடி சீட்டை நகர்த்தி ஞாபகம் வைத்துக்கொள்ள இரண்டு பொத்தான்கள் இருந்தன. என் கணவர் நெட்டை, தம்பி குட்டை. டாக்டர் அங்கேயே ஒன்றாம் எண்ணை இவருக்கும் இரண்டாம் எண்ணை அவருக்கும் பதிந்து கொடுத்தார். தம்பி இரண்டை அழுத்தினார், சீட்டு தானாக முன்னால் வந்தது. என் கணவர் ஒன்றை அழுத்தினார், பின்னால் போயிற்று. இப்படி மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைப் பார்த்தேன். கிணறு போனதிலிருந்து என் கணவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முறை என்று யாரும் பேசிவைக்கவில்லை. அது தானாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு ஊருக்கும் நடுவில் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் ஒரு டீக்கடை. ஒருவர் காரில் வருவார், மற்றவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். சாவி கைமாறுவதற்கு முன்னால் டீ, மசால்வடை, பேப்பர், இன்னொரு டீ. கிணற்றடியில் பேசியதையெல்லாம் அங்கே உட்கார்ந்து பேசினார்கள். பெரும்பாலும் நாங்களும் கூடப் போவோம். நானும் ஓரகத்தியும் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு எங்கள் கதையைப் பேசிக்கொண்டிருப்போம். சாவியைக் கொடுத்தவர் பஸ் ஏறும்போது முகம் கொஞ்சம் வாடும். வாங்கினவர் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

அந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் தெருவில் வண்டி நின்றாலே தெருவுக்கு ஒரு களை வந்துவிடும். ஷேர் ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டை அடையாளம் சொல்ல "அந்தப் பெரிய வண்டி வூடு" என்பார்கள். வண்டி திண்டிவனத்தில் இருக்கிற வாரம் அடையாளம் தெரியாமல் ஆட்கள் திண்டாடுவார்கள். நான் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். வண்டி எங்களிடம் இருக்கிற வாரத்தில் என் கணவர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். சக ஆசிரியைகள், "என்னா டீச்சர், இந்த வாரம் ராணி, அடுத்த வாரம் பஸ்ஸா?" என்று கிண்டல் செய்வார்கள். ஆமாம் என்பேன். வெயில் காலத்தில் அந்தத் தோல் சீட்டு தோசைக்கல்லாகச் சுடும். டர்க்கி டவல் விரித்துத்தான் உட்காருவேன். அதில் ஒரு குறையும் எனக்கு இல்லை.

பழைய பெரிய வண்டிக்குச் செல்லம் கொடுக்க வேண்டும் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. காலையில் எழுந்து பார்த்தால் முன்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் வண்டி படுத்திருக்கும். காற்றுப் பை ஒன்று சக்கரத்துக்கு மேலே இருக்கிறதாம், அதில் காற்று இறங்கிவிட்டதாம். விழுப்புரத்து மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு பவ்யமாக மூடிவிடுவார்கள். கடைசியில் கண்டமங்கலம் சாலையில் ஷெட் போட்டிருந்த ஒரு மெக்கானிக் கிடைத்தார். வளைகுடா நாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர், வாய் ஓயாமல் பேசுவார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். பாதிக்குப் பாதி பார்த்தும்விடுவார். சென்னையில் பழைய சாமான் விற்கிற கடைகளில் சொல்லிவைப்பார். சாமான் கிடைத்ததும் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். தம்பி போய்த் திண்டிவனத்தில் பஸ்ஸை மறித்து வாங்கிக்கொள்வார். ஒரு தடவை பழைய துணியில் சுற்றிய ஒரு கம்ப்ரஸர் ஜன்னலோர சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்ததாம். அதற்கு டிக்கெட் எடுத்தார்களா என்று என் கணவர் கேட்டார்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் கிணற்று முறை வந்தால் கிணற்றுச் சட்டமும் கூட வருமில்லையா? யார் முறையில் கெடுகிறதோ அவர் செலவு. அதையும் யாரும் பேசிவைக்கவில்லை.

எங்கள் முறை வாரம் ஒன்றில் வாசல் சிமெண்டுத் தரையில் சிவப்பாக எண்ணெய்ச் சொட்டு பார்த்தேன். "ஏங்க, வண்டி அடியில என்னமோ ஒழுவுது" என்றேன். என் கணவர் குனிந்து பார்த்தார். அப்புறம் கொல்லையிலிருந்து ஒரு சட்டி மணலை அள்ளிவந்து அதன்மேல் கொட்டினார். "பழைய வண்டி, கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாவி கைமாறியது. அந்த வாரம் ஓரகத்தி போனில் பேசும்போது, "அக்கா, இவுரு ரெண்டு நாளா வாசல்ல மணல் கொட்டிக்கினு இருக்காரு, எதுக்குன்னே தெர்ல" என்றாள். எனக்கு எதற்கென்று தெரிந்தது.

அடுத்த முறை வண்டி எங்களிடம் வந்தபோது முன்னால் மீட்டர்கள் இருக்கிற கண்ணாடியில் புதிதாக ஒரு சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தம்பிக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் இருட்டினதும் பார்த்தால் பிள்ளையாரைச் சுற்றி மஞ்சளாக ஒளி கசிந்தது. ஸ்டிக்கருக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் அதைப் பிய்க்கவில்லை. நெற்றியில் விபூதி வைத்துக்கொள்கிறவர்தான், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கியர் மாறும்போது அடியில் ஒரு இடி விழுந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லித் தினமும் கத்தினேன். இருவரும் காட்டுவதாகத்தான் சொன்னார்கள், அடுத்தவர் முறையில். நானும் ஓரகத்தியும் எங்கள் நகையையா விற்கப் போகிறோம், ஆளுக்குப் பாதி போட்டுச் சரிபண்ணித் தொலையுங்கள் என்று ஒரு தடவை இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டோம். அப்படிக் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே மாதிரி, "வண்டிக்கு ஒண்ணும் இல்லியே" என்றார்கள். வெட்டினாலும் ஒரே ரத்தம்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை முடிகிற நாள். வழியெல்லாம் என் கணவர் வண்டியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டுவந்தார். விக்கிரவாண்டி தாண்டியபோது பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். கூட்டேரிப்பட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தி என்ஜினை அணைத்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினார். டீ குடித்தார்கள். என் கணவர் சாவியைக் கொடுத்தார். தம்பி ஏறி உட்கார்ந்து இரண்டாம் எண்ணை அழுத்தி, என்ஜினைக் கிளப்பி, கியரைப் போட்டார். என்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. கியரை மாற்றிப் போட்டார். கருகல் வாடை வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"அண்ணா, வண்டி நகரல."

"இங்க வரைக்கும் நல்லாத்தானே வந்துச்சு?"

"நான் ஓட்டவே இல்லியே அண்ணா. ஒக்காந்தேன், அவ்ளோதான்."

"சாவி உன் கைல இருக்குது."

தம்பி இறங்கிவந்து சாவியை டீக்கடை பெஞ்சில் வைத்தார். "இப்ப இல்ல" என்றார். என் கணவர் சாவியைப் பார்த்தார், எடுக்கவில்லை. கிணற்றுச் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. முறை மாறுகிற அந்த நொடியில் மோட்டார் போனால் யார் செலவு என்று எந்த முன்னோரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பேச்சு கியரிலிருந்து மணலுக்குப் போயிற்று, மணலிலிருந்து பிள்ளையாருக்கு, பிள்ளையாரிலிருந்து பாகப்பிரிவினைக்கு. "மேட்டு நெலத்த என் தலைல கட்டிட்டு பள்ளத்த நீ எடுத்துக்கினவன்தான நீ" என்றார் தம்பி. அத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தாரோ. என் கணவர் முகம் செத்துப்போயிற்று. "அப்ப இவ்ளோ நாளு அத மனசுல வச்சிக்கினுதான் டீ குடிச்சியா?" என்றார்.

டீக்கடைக்காரர் வந்து, "யார்னா ஒருத்தர் இந்தச் சாவிய எடுங்க, கிளாஸ் வெக்கணும்" என்றார். இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இழுத்துச் செல்கிற வண்டிக்கு நானே போன் செய்தேன். சாவியை அதன் டிரைவரிடம் கொடுத்தேன், கார் அதன்மேல் ஏறிக் கண்டமங்கலம் சாலை ஷெட்டுக்குப் போயிற்று. தம்பி திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார், நாங்கள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம்.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கியர்பாக்ஸ் மொத்தமாகப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். யாரும் பணம் எடுத்து வைக்கவில்லை. பொங்கலுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. நானும் ஓரகத்தியும் தினம் பேசினோம். "உங்க ஆள் எப்படி?" "சாப்பிடறாரு, தூங்கறாரு. உங்க ஆள்?" "அதேதான்." இதற்கு மேல் என்ன பேச? என் கணவர் ராத்திரியில் விழித்துக்கொண்டு கிடப்பார். எனக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எதை இழந்துவிடக் கூடாதென்று அந்த வண்டியை வாங்கினாரோ அதையே அந்த வண்டியில் வைத்துத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சில சமயம் குளித்துவிட்டுக் காலையிலேயே வெளியே போவார். நண்பரைப் பார்க்க என்பார். ஒருநாள் மெக்கானிக் ஏதோ கேட்க எனக்கு போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"ஷெட்டுல வண்டி ஒரே பேஜாராப் போச்சும்மா. ஒரு வாரம் சார் வர்றாரு, ஒரு வாரம் தம்பி வர்றாரு. வந்து கதவத் தொறந்துக்கினு உள்ள ஒக்காந்துக்கினு இருக்காங்க. கண்ணாடி தொடைக்கிறாங்க. ஒரு டீ வாங்கிக் குடுத்தா குடிச்சிட்டுப் போய்டறாங்க. நான் ஒண்ணும் கேக்கறதில்ல."

"ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்களா?"

"எங்க? முறை தவறாம மாத்தி மாத்தில்ல வர்றாங்க."

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன். ஓடாத வண்டிக்கு முறை. பேசாத இரண்டு பேர், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வாரம்கூடப் பிசகாமல் முறை வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு தம்பியின் முறை. என் கணவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கெளம்புங்க, ஷெட்டுக்குப் போவலாம்" என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை.

"இந்த வாரம் அவன் முறை" என்றார்.

"கெணறே ரோட்டுக்குள்ள போயிடுச்சு. முறையாம் முறை. அவர் முறைல நீங்க போகக் கூடாதுன்னு எந்த ஜட்ஜு தீர்ப்பு சொன்னாரு? உங்களுக்கு காரா வேணும்? தம்பிதான வேணும்? அத நேரா கேக்க வாய் இல்லாமதான இத்தன கூத்தும்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். ஷெட்டில் வண்டிமேல் வேப்பஞ்சருகு விழுந்து கிடந்தது. தம்பி ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மரப்பலகையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, துடைப்பதை நிறுத்தவும் இல்லை. என் கணவர் அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய் இடது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். ரொம்ப நேரம் முன்கண்ணாடி வழியாக ஷெட்டின் தகரச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டிக்கரு நான்தான் ஒட்டினேன்" என்றார் தம்பி.

"தெரியும். மணல் நான்தான் மொதல்ல கொட்டினேன்."

"தெரியும்."

"மேட்டு நெலம்..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"வுடு அண்ணா. ரெண்டும் குத்தகைலதான் கெடக்குது" என்றார் தம்பி. துண்டை உதறிவிட்டு, "நீ இன்னிக்கு வருவன்னு நெனைக்கல" என்றார். என் கணவர், "எனக்கு ஒன்னப் பாக்கணும்போல இருந்துச்சுடா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். தம்பி துண்டால் பலகையைத் துடைப்பதுபோல முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

கியர்பாக்ஸ் சென்னையிலிருந்து வந்தது. அது பெரிது, பஸ்ஸில் ஏறாது, லாரியில் வந்தது. ஆளுக்குப் பாதி. அன்றிலிருந்து கிணற்றுச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டார்கள். வண்டியில் எந்தச் சத்தம் கேட்டாலும் அது யார் முறையாக இருந்தாலும், உடனே மற்றவருக்குச் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்துதான் மெக்கானிக்கிடம் போக வேண்டும். முறை அப்படியேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன.

அப்புறம் வந்த வருடங்கள்தான் அந்த வண்டியின் நல்ல வருடங்கள். காற்றுப் பை மாற்றினார்கள், சீட்டுத் தோலைத் தைத்தார்கள், மங்கிப்போன விளக்குக் கண்ணாடியை மெருகேற்றினார்கள். நடுவாரத்தில் தம்பி போன் செய்வார். "அண்ணா, பிரேக் புடிச்சா ஒரு சத்தம் வருது." இவர் உடனே சட்டையை மாட்டுவார். இன்னொரு வாரம் இவர் போன் செய்வார். "டேய், ஸ்டீரிங் திருப்பினா கொற கொறங்குதுடா." அவர் மண்டியை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பி வருவார். ஷெட்டில் நாள் முழுக்க இருந்துவிட்டு இருட்டினதும் வருவார்கள். இவ்வளவு ரிப்பேர் வருகிற வண்டியை விற்றுவிடலாமே என்று ஒருநாள் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, வண்டி ஜம்முனு இருக்குது. ஒரு சத்தமும் இல்ல. ரெண்டு பேரும் வந்து சத்தம் சத்தம்ன்றாங்க. நான் என்னா பண்றது? ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, ஆமா சார், லேசா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு சொல்லிடறேன். சந்தோஷமாப் போறாங்க."

நான் இதை ஓரகத்தியிடம் மட்டும் சொன்னேன். முன்பெல்லாம் இருந்த சத்தத்தை மறைத்தார்கள், இப்போது இல்லாத சத்தத்தைக் கேட்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர்களிடம் மூச்சுவிடவில்லை.

போன வருடம் தம்பிக்கு மண்டியில் உட்கார்ந்திருந்தபோதே வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார். கால் கொஞ்சம் திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. சொல்வது எல்லாம் புரிகிறது, பதில்தான் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் யாராவது பார்க்க வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். வாசலுக்குக்கூட வருவதில்லை என்று ஓரகத்தி போனில் அழுவாள். பேச வாய் இருந்தபோது மாதக்கணக்கில் பேசாமல் இருந்தோமே என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராகத் திண்டிவனம் ஓட்டினார். தம்பியின் அறைக்குள் போய்க் கட்டிலருகே நின்று, "டேய், வண்டில ஒரு சத்தம் வருதுடா. நீ வந்து கேட்டாத்தான் எங்கேர்ந்துன்னு தெரியும்" என்றார். தம்பி சுவர்ப்பக்கம் இருந்த முகத்தை மெல்லத் திருப்பினார். அப்புறம் இடது கையை ஊன்றி எழ முயன்றார்.

மூன்று பேருமாகப் பிடித்து முன்சீட்டில் உட்காரவைத்தோம். பக்கவாட்டில் ஒரு தலையணை. நானும் ஓரகத்தியும் பின்னால் ஏறினோம். ஓமந்தூர் போகிற சாலையில் என் கணவர் மெதுவாக ஓட்டினார். இரண்டு பக்கமும் மல்லாட்டைச் செடி பூத்திருந்தது. ஏசியை அணைத்தார், ரேடியோவை அணைத்தார். "கேக்குதா பாரு" என்றார். தம்பி தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியது, எனக்கு ஓரகத்தியின் மூச்சு கேட்டது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு ஆமாம் என்று தலையாட்டி, இடது கையைத் தூக்கி முன்சக்கரத்தின் பக்கம் காட்டினார்.

"அங்கதான்டா, எனக்கும் அங்கதான் கேட்டுச்சு" என்றார் என் கணவர். "இது ஒரு நாள்ல தீர்ற சத்தம் இல்ல. அடுத்த வாரமும் வர்றேன், ரெடியா இரு."